வடசரிவின் வரலாறு: பேத்துப்பாறையும் பழனிமலையும்

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே கிளைத்து, வடக்கில் பழனி, ஒட்டன்சத்திரம் சமவெளிக்கும் தெற்கில் பெரியகுளம், வத்தலக்குண்டுச் சமவெளிக்கும் இடையே ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் எழுந்து நிற்கும் பழனிமலைத் தொடரை, அதைப் பற்றி எழுதியோர் இரண்டாகப் பகுத்துப் பேசுவதே வழக்கம். கொடைக்கானல், பூம்பாறை, மன்னவனூர் ஆகிய ஊர்களைக் கொண்டதும், கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டரை ஒட்டியும் அதற்கு மேலும் புல்வெளியும் சோலையும் மாறி மாறிக் கிடப்பதுமான பகுதி மேல் பழனிமலை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஆடலூர் முதலிய ஊர்களைக் கொண்டதும், காப்பியும் வாழையும் மிளகும் விளைவதுமான பகுதி கீழ்ப் பழனிமலை. சோலை என்பது இங்கே மரத்தோப்பைக் குறிக்கும் பொதுச்சொல் அன்று. மலை மடிப்புகளில் நீரோட்டத்தை ஒட்டி அடர்ந்து வளரும், உயரம் குறைந்த பசுமைமாறாக் காட்டுக்கு உரிய பெயர். இவ்விரு பிரிவுகளிலும் முழுமையாக அடங்காமல், கொடைக்கானல் மேட்டுக்கும் கீழ்நாட்டுக்கும் நடுவே, பெருமாள்மலையின் வடபுறப் பள்ளத்தாக்குகளில் அமைந்த சிற்றூர்களுள் ஒன்று பேத்துப்பாறை. திண்டுக்கல் மாவட்டம் கொடைக்கானல் வட்டத்தில் வில்பட்டி ஊராட்சியைச் சேர்ந்த இவ்வூரையும், இதனை அடுத்த அஞ்சுவீடு, பாரதி அண்ணாநகர் ஆகிய குடியிருப்புகளையும் வெளியுலகம் இன்று அறிவது பெரும்பாலும் ஓர் அருவியாலும் யானை நடமாட்டம் குறித்த செய்திகளாலுமே.

பழனிமலையின் வரலாறு என்று அச்சில் கிடைப்பதில் பெரும்பகுதி மேட்டிலிருந்து எழுதப்பட்டது. 1821இல் லெப்டினன்ட் வார்டு மலையை அளந்தது, 1845இல் மதுரையின் அமெரிக்க மிஷனரிமார் கொடைக்கானலில் முதல் இரு பங்களாக்களைக் கட்டியது, 1863இல் லெவிஞ்சு என்பவர் ஓடையை மறித்து ஏரியாக்கியது, 1875இல் ரயில் பாதை அம்மையநாயக்கனூர் வரை வந்தது, அவ்விடத்து நிலையம் கொடைரோடு என்று பெயர் பெற்றது, லா என்பவர் தொடங்கிய மலைச்சாலை 1916இல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது என்று அந்த வரலாறு ஆண்டு தவறாமல் அடுக்கிச் செல்லும். அவை அனைத்தும் நிகழ்ந்தவையே. ஆயினும் அவை கோடையில் ஏறிவந்து மழைக்கு முன் இறங்கிய மக்களின் வரலாறே தவிர, ஆண்டு முழுவதும் சரிவில் வாழ்ந்தவர்களின் வரலாறு அன்று. பேத்துப்பாறை போன்ற ஊர் அந்தக் கணக்கில் இடம்பெறுமானால், கொடைக்கானலின் சுற்றுப்புறம் என்ற அளவில்தான் இடம்பெறும். ஊர் நிற்கும் சரிவு எந்தத் திசையை நோக்குகிறது என்பதைக் கவனித்தால் வேறொரு வரலாறு தெரியவரும்.

மலைமேட்டின் தென்புறம் விழும் மழை மஞ்சளாறு, வராகநதி ஆகியவற்றின் வழியே வைகைக்குப் போகிறது; வடபுறம் விழுவது பாலாறு, பொருந்தலாறு, வரதமாநதி ஆகியவற்றின் வழியே பழனிச் சமவெளியில் இறங்கி, சண்முகநதியாகி, அமராவதியில் கலந்து, இறுதியில் காவிரியைச் சேர்கிறது. பேத்துப்பாறையின் ஓடைகள் இந்த வடபுற நீர்க்குடும்பத்தைச் சேர்ந்தவை. கொடைக்கானலுக்கு ஏறிய ஆங்கிலேயர், அமெரிக்கர் ஆகியோரின் பாதை பெரியகுளத்திலிருந்து தென்சரிவு வழியாக வந்தது. வடசரிவின் சுமையும் சந்தையும் நேர்த்திக்கடனும் நெடுங்காலம் பழனியை நோக்கியே இறங்கின.

இந்தச் சரிவில் மனிதர் விட்டுச்சென்ற மிகப் பழைய தடயங்கள் கற்திட்டைகள். கற்திட்டை என்பது நிலத்துக்கு மேலே பலகைக்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, அவற்றின் மீது ஒரு பெருங்கல்லை மூடியாக ஏற்றி அமைத்த கல்லறை. அதையே மண்ணுக்குள் புதைத்துக் கட்டினால் கற்பதுக்கை என்றும், கற்களின்றி மட்கலத்தில் எலும்புகளை இட்டுப் புதைத்தால் முதுமக்கள் தாழி என்றும் தொல்லியலாளர் வேறுபடுத்துவர். பேத்துப்பாறை, பெருமாள்மலை, பண்ணைக்காடு, தாண்டிக்குடி எனப் பழனிமலையின் நடு உயரத்தில் இத்தகைய கற்திட்டைகள் பரவிக் கிடக்கின்றன. மேட்டின் குளிர்ந்த புல்வெளியில் இவை அரிதாகவே உள்ளன என்பதும், ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட இடைச்சரிவிலேயே இவை நெருங்கி அமைந்துள்ளன என்பதும் அக்கால மக்கள் வாழ்ந்த உயரம் எது என்பதற்குக் குறிப்பாகலாம்.

பழனிமலைக் கற்திட்டைகளின் தனித்தன்மை அவற்றின் அடித்தளத்தில் இருக்கிறது. சமவெளியின் பெருங்கற்காலக் கல்லறைகள் மண்ணைத் தோண்டி அமைக்கப்பட்டிருக்க, இங்கே அவை பெரும்பாலும் மொட்டைப்பாறையின் மேல், குழி ஏதும் இன்றி நிறுத்தப்பட்டுள்ளன. இம்மலை சார்னோகைட் எனப்படும் கடினமான பழம்பாறையால் ஆனது. வெயிலும் மழையும் மாறி மாறித் தாக்கும்போது அப்பாறையின் மேற்பரப்பு ஏடு ஏடாகப் பிரிவதால், பலகைக்கற்களைப் பெறுவதற்குப் பெருங்கருவி தேவைப்பட்டிருக்காது. பாறையில் வேர்விட வழியில்லாத செங்குத்துக் கற்கள் சாயாமல் இருக்க, அவற்றின் வெளிப்புறம் சிறு கற்களை அடுக்கி முட்டுக்கொடுத்து, பல திட்டைகளை ஒரே வரிசையில் சேர்த்து, அவற்றைச் சுற்றிலும் கல்லடுக்கு மதில் எழுப்பி, முழுத் தொகுதியையும் ஒரு மேடை போல ஆக்கியிருக்கின்றனர். உள்ளே ஓர் ஆள் குந்தி உட்காரும் அளவுக்கே உயரம் இருக்கும். மூன்று பக்கம் கல், ஒரு பக்கம் திறப்பு. இவ்வளவு சிறிய அறைகளைக் கண்ட பிற்காலத்தவர், இவற்றைக் குள்ளர் வாழ்ந்த வீடுகள் என்றும், வனவாசத்தில் பாண்டவர் தங்கிய இடங்கள் என்றும் விளக்கம் சொல்லிக்கொண்டது வியப்புக்குரியதன்று. கல்லறை என்னும் நினைவு முற்றிலும் அறுந்த பின்னரே இத்தகைய விளக்கங்கள் பிறக்கும்.

இவற்றை முறையாகப் பதிவு செய்தவர் செண்பகனூரில் வாழ்ந்த இயேசு சபைத் துறவி ஆங்லேடு. 1895இல் அங்கே நிறுவப்பட்ட திருஇருதயக் கல்லூரி, இறையியல் மாணவருக்காக எழுந்ததாயினும், அதன் ஆசிரியர் பலர் செடிகொடிகளையும் பூச்சிகளையும் பழம்பொருள்களையும் சேகரிப்பதில் ஈடுபட்டதால், பின்னாளில் ஓர் அருங்காட்சியகத்துக்கும் இடமாயிற்று. ஆங்லேடும் அவருடைய உடன்பணியாளர் நியூட்டனும் மலையெங்கும் நடந்து அளந்து வரைந்த விவரங்களை, இந்தியத் தொல்லியல் துறை தனது ஆய்வுக்குறிப்பு வரிசையின் 36ஆம் நூலாக 1928இல் வெளியிட்டது. திட்டைகளின் தரை அமைப்பு, மதில்களின் போக்கு, கற்களின் அளவு ஆகியவற்றைக் குறித்த பொறுமையால் அந்நூல் இன்றும் பயன்படுகிறது. கிடைத்த பொருள்கள் குறைவு; மண்ணில் புதையாமல் பாறையின் மேல் நின்ற அறைகள் நூற்றாண்டுக்கணக்கில் மழைக்கும் புதையல் தேடுவோருக்கும் திறந்தே கிடந்தமையால், பானை ஓடுகளைத் தவிர வேறு எதையும் மிகுதியாக எதிர்பார்க்க இயலாது.

இக்காரணத்தாலேயே இவற்றின் காலத்தைச் சொல்வதில் எச்சரிக்கை வேண்டும். சுற்றுலாக் குறிப்புகளில் ஐயாயிரம் ஆண்டு என்ற எண் தாராளமாக வழங்குகிறது. தமிழகப் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் பொதுவாக இரும்புக் காலத்தைச் சேர்ந்தவை. அக்காலத்தின் தொடக்கம் கி.மு. முதல் ஆயிரமாண்டு என்று நெடுநாள் கொள்ளப்பட்டு வந்து, கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கி.மு. 2172 என்ற கணிப்பு 2022இல் அறிவிக்கப்பட்ட பின்னர் பின்னோக்கி நகர்ந்துள்ளது. ஓரிடத்தின் காலத்தை மற்றோரிடத்துக்குக் கடன் கொடுக்க முடியாது என்பதால், மலையின் திட்டைகளுக்கு அருகில் முறையாக அகழப்பட்ட இடங்களையே சான்றாகக் கொள்ள வேண்டியுள்ளது. அவ்வகையில் இரண்டு இடங்கள் முக்கியமானவை. ஒன்று கீழ்ப் பழனிமலையின் தாண்டிக்குடி. மற்றொன்று பழனிக்குத் தென்மேற்கே மலையடிவாரத்தில் உள்ள பொருந்தல். இரண்டையும் அகழ்ந்தவர் புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த கா. ராஜன். பொருந்தலில் 2009, 2010ஆம் ஆண்டுகளில் திறக்கப்பட்ட ஒரு கல்லறையில், நான்கு கால்களை உடைய சாடி ஒன்றில் நெல் இருந்தது. அந்நெல்லைக் கொண்டு செய்த கரிமக் கணிப்பு கி.மு. 490 என்ற ஆண்டைத் தந்தது. அங்கேயே தமிழி எழுத்துப் பொறித்த பிரிமனையும் (பிரிமனை என்பது வட்ட அடியுடைய பானை உருளாமல் நிற்க அடியில் வைக்கும் வளையம்), ஆயிரக்கணக்கான மணிகளும் கிடைத்தன. சேர நாட்டுத் துறைமுகங்களிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக மதுரைக்குச் சென்ற பெருவழி இம்மலையின் வடக்கடிவாரத்தை ஒட்டிச் சென்றது என்பதையும், மிளகு, தேன், தந்தம், அகில் போன்ற மலைபடுபொருள்கள் இச்சரிவுகளிலிருந்து அவ்வழிக்கு இறங்கியிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது, அடிவாரத்தின் மணியும் சரிவின் கற்திட்டையும் ஒரே பொருளாதாரத்தின் இரு முனைகளாகத் தோன்றுகின்றன.

சங்க இலக்கியமும் இம்மலைப்பகுதியைத் தலைவர்களின் பெயரோடு குறிப்பிடுகிறது. மலையடிவாரத்தில், பொதினி எனப்பட்ட பழனியில் ஆவியர் குடியும், அக்குடியில் மயிலுக்குப் போர்வை அளித்ததாகப் போற்றப்படும் பேகனும், கோடைமலைக்கு உரியவனாகக் கடிய நெடுவேட்டுவனும் பாடப்பட்டுள்ளனர். வேட்டுவத் தலைவன் ஒருவன் மலைக்குத் தனியே உரியவனாகவும், வேளிர் தலைவன் அடிவாரத்துக்கு உரியவனாகவும் பேசப்படுவது, மேலும் கீழும் ஒரே ஆட்சியில் அடங்காத நிலையைக் காட்டுகிறது என்று கொள்ள இடமுண்டு.

அதற்குப் பிறகு ஓராயிரம் ஆண்டுக்கு மேல் நடுச்சரிவைப் பற்றி எழுத்துச் சான்று மிக அரிது. பின்னர் வெளிப்படும் சித்திரத்தில் மூன்று மக்கள்பிரிவினர் இருக்கின்றனர்: காட்டை நம்பி வாழ்ந்த பளியர், மலையில் பயிர்த்தொழில் உழைப்பை நெடுங்காலம் சுமந்த புலையர், சமவெளியிலிருந்து ஏறிவந்து ஊர் அமைத்து உழுத குன்னுவர். குன்னுவரும் காரைக்காட்டு வெள்ளாளரும் தாராபுரம் முதலிய கொங்குப் பகுதிகளிலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் மலையேறியதாகக் கூறும் மரபை, 1906இல் வெளிவந்த மதுரை மாவட்டக் கெசட்டியரில் பிரான்சிஸ் பதிந்துள்ளார். குன்னுவ ஊர்களின் தலைவர் மன்னாடியார் எனப்பட்டார். ஊர்வழக்குத் தீர்ப்பதும் திருவிழாவுக்கு முறை வகுப்பதும் அவர் பொறுப்பாயிருந்தன.

பளியரைப் பற்றிய முதல் விரிவான கட்டுரையும் செண்பகனூரிலிருந்தே எழுந்தது. 1908இல் தாமன் என்னும் துறவி ஐரோப்பிய மானிடவியல் இதழான ஆந்த்ரோபோஸில் அதை வெளியிட்டார். பாறை இடுக்குகளில் இயற்கையாக அமைந்த முழைகளைப் புடவு என்பர். மழைக்காலத்தில் புடவும், மற்றக் காலத்தில் புல் வேய்ந்த குடிசையும் பளியருக்கு உறைவிடமாயின. கூர்தீட்டிய கோலால் வள்ளிக்கிழங்கு அகழ்தல், கடுக்காயும் நெல்லியும் கல்பாசியும் சேகரித்தல், தேன் எடுத்தல் ஆகியவை அவர்களுடைய ஆண்டுச் சுற்று. இவற்றுள் மலைத்தேன் எடுப்பது மிகுந்த நுட்பம் வேண்டும் தொழில். பெருந்தேனீ தன் அடையை எட்டாப் பாறைமுகத்தின் கவிழ்ந்த விளிம்பில் கட்டுகிறது. நிலவில்லா இரவில், காட்டுக்கொடியை முறுக்கிச் செய்த ஏணியை மேலே மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, ஒருவர் பச்சிலைப் பந்தத்தின் புகையோடு இறங்கி ஈக்களைக் கலைத்து, தேன் நிறைந்த பகுதியை மட்டும் அறுத்து, புழுக்கள் உள்ள பகுதியை விட்டுவிடுவார். மேலே கொடியைக் காத்து நிற்பவர் பெரும்பாலும் இறங்குபவரின் மைத்துனராக இருப்பார் என்ற வழக்கு, தமிழகத்தின் தேனெடுக்கும் பழங்குடியினர் பலரிடமும் கேட்கப்படுகிறது. தன் உடன்பிறந்தாளைக் கைம்பெண்ணாக்க எவரும் துணியார் என்பது அதற்கு அவர்கள் தரும் காரணம். எந்தக் காப்பீட்டு ஒப்பந்தமும் இதைவிடக் கச்சிதமாக எழுதப்பட்டதில்லை.

அரசியல் நிலையில், நாயக்கர் ஆட்சி தொடங்கிய பின் மலையின் வடபுறம் பழனி, ஆயக்குடி, விருப்பாட்சி முதலிய பாளையங்களின் செல்வாக்குக்கு உட்பட்டது. பாளையம் என்பது படைத்துணை தருவதற்கும் திறை செலுத்துவதற்கும் ஈடாக ஒரு தலைவருக்கு ஒப்படைக்கப்பட்ட நிலப்பகுதி. திண்டுக்கல் சீமை 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டின உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறியது. கம்பெனியை எதிர்த்துக் கூட்டணி அமைத்த விருப்பாட்சி கோபால நாயக்கர் 1801இல் தூக்கிலிடப்பட்டார். அதற்கு இருபது ஆண்டுகளுக்குப் பின் வார்டு மலையேறி அளந்தது வெறும் நில ஆர்வத்தால் அன்று. கிளர்ச்சிக்காரருக்குக் காடும் கணவாயும் எவ்வாறு பயன்பட்டன என்பதை நன்கு அறிந்த அரசு, தான் புதிதாகப் பெற்ற மலையின் பாதைகளையும் ஊர்களையும் தாளில் பார்க்க விரும்பியது.

சரிவு மக்களின் வாழ்வில் கம்பெனியின் போரைவிட ஆழமாக நுழைந்தது 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம். அதுவரை காட்டின் ஒரு பகுதியை வெட்டி, காயவிட்டு, எரித்து, அந்தச் சாம்பலில் தினை, சாமை, கேழ்வரகு விதைத்து, சில ஆண்டுகளில் மண் களைத்ததும் வேறிடம் பெயரும் புனவேளாண்மை நடந்துவந்தது. சட்டம் காட்டை ஒதுக்குக்காடு என்று எல்லையிட்டு, வெட்டுவதையும் எரிப்பதையும் மேய்ப்பதையும் குற்றமாக்கியது. புனத்தை இழந்தவர்கள் ஒரே இடத்தில் பயிரிட வேண்டியவர்களாயினர். காட்டை இழந்தவர்கள் கூலிக்குச் செல்ல வேண்டியவர்களாயினர். தோட்டப்பயிர் பரவிய வேகத்துக்கு இந்தக் கட்டாயம் ஒரு முக்கியக் காரணம் என்பதைக் காப்பியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை.

வடசரிவின் தலைப்பயிராக நெடுங்காலம் இருந்தது மலைவாழை. விருப்பாட்சி, சிறுமலை என்னும் இரு இனங்களும் 2008ஆம் ஆண்டு வாக்கில் புவிசார் குறியீடு பெற்றன. சமவெளி வாழையைப் போல இதற்குப் பாய்ச்சல் நீர் இல்லை. மழையை நம்பி, சரிவில், மரநிழலில் நட்டு, தாய்மரம் தார் ஈன்ற பின் பக்கக்கன்றை விட்டு, அதே குத்திலிருந்து பல ஆண்டு தார் வெட்டுவர். பழம் சிறியது, தோல் தடித்தது, சதையில் நீர் குறைவு. இந்தக் கடைசிக் குணமே பழனித் தண்டாயுதபாணி கோயிலின் பஞ்சாமிர்தத்துக்கு இதை ஏற்றதாக்கியது. வாழைப்பழத்தோடு சர்க்கரை, நெய், தேன், ஏலம், பேரீச்சை, கற்கண்டு ஆகியவற்றைப் பிசைந்து செய்யும் அப்பிரசாதம் தண்ணீர் சேராமையால் பல நாள் கெடாமல் இருக்கிறது. பஞ்சாமிர்தத்துக்குத் தனியே 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மலையிலிருந்து பழமும் தேனும் ஏலமும் இறங்கி, கோயிலின் வழியாகத் தமிழகமெங்கும் சென்ற இந்த வணிகமே வடசரிவைப் பழனியோடு பிணைத்தது. கொடைக்கானலில் ஒரு பங்களாகூட இல்லாத காலத்திலும் பழனிக்குப் பக்தர் வந்துகொண்டிருந்தனர் என்பதை நினைவில் கொண்டால், இச்சரிவுக்கு மூத்த சந்தை எது என்பதில் ஐயம் எழாது.

இந்த வாழையை அழித்தது முடிக்கொத்து நோய். அசுவினிப் பூச்சி பரப்பும் நச்சுயிரியால் வரும் இந்நோயில் இலைகள் குறுகி, நிமிர்ந்து, மரத்தின் உச்சியில் கொத்தாகத் திரண்டு நிற்கும், தார் வராது. இலங்கையிலிருந்து 1940 வாக்கில் கேரளத்துக்குள் வந்த இந்நோய் பின்னர் பழனிமலையையும் அடைந்தது. தாயிடமிருந்து கன்றைப் பிரித்து நடும் முறை, நோயையும் கன்றோடு சேர்த்து நட்டதால், மலைவாழையின் பரப்பு முன்பு இருந்ததில் ஒரு சிறு பங்காகச் சுருங்கியது. 1957இல் தொடங்கப்பட்ட தடியன்குடிசைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும், திருச்சியில் உள்ள வாழை ஆராய்ச்சி மையமும் நோயற்ற திசுவளர்ப்புக் கன்றுகளைத் தந்து மீட்சிக்கு முயன்றுவருகின்றன. ஏறத்தாழ அதே காலத்தில் கமலா ஆரஞ்சும் நோயால் நலிந்தது. வெற்றிடத்தைக் காப்பி நிரப்பியது. அதன் நிழலுக்காகச் சில்வர் ஓக்கும், மிளகுக்கொடி ஏறுவதற்காக முள்முருங்கையும், இடையிடையே பலாவும் பட்டர் ஃப்ரூட்டும் நின்றன. 1942ஆம் ஆண்டின் காப்பிச் சட்டப்படி விளைச்சல் அனைத்தையும் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் சேர்க்க வேண்டியிருந்த கட்டுப்பாடு 1990களில் படிப்படியாக நீங்கியபோது, சிறு விவசாயி வாரியத்தின் தாமதத்திலிருந்து விடுபட்டு, வியாபாரியின் விலைக்கு ஆளானார்.

விளைந்ததைச் சாலைக்குக் கொண்டுசேர்த்தவை குதிரைகள். மலைக்குதிரை குட்டையானது; அதன் முதுகின் இருபுறமும் தார்களையோ காப்பி மூட்டையையோ சமமாகத் தொங்கவிட்டு, ஒற்றையடிப் பாதையில் ஓட்டிச் செல்வர். இந்த வழக்கம் வெள்ளகவி போன்ற ஊர்களில் அண்மைக்காலம் வரை நீடித்தது. பெருமாள்மலையில் பழனிச் சாலையும் வத்தலக்குண்டுச் சாலையும் சந்திக்கத் தொடங்கிய பின், பேத்துப்பாறையின் சரக்கு இரு திசையிலும் பிரிந்தது. ஊர் நிர்வாகத்துக்கும் மருத்துவத்துக்கும் பள்ளிக்கும் கொடைக்கானலை நாடியது. பழைய வடதிசைப் பிணைப்பு தளர்ந்தது இவ்வாறுதான்.

பழனி, ஒட்டன்சத்திரம் வனப்பகுதிகளிலிருந்து யானைகள் ஏறிவரும் வழி மட்டும் திசை மாறவில்லை. பலா பழுக்கும் பருவத்திலும் வாழை தார் தள்ளும் பருவத்திலும் அவை ஓடைப்பள்ளங்களைப் பிடித்து மேலேறி, பேத்துப்பாறை, அஞ்சுவீடு தோட்டங்களில் நுழைகின்றன. சூரியமின்வேலி, இரவுக்காவல், வெடிச்சத்தம் ஆகிய எல்லாம் அவற்றை ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்கு நகர்த்துவதோடு நின்றுவிடுகின்றன. 2013இல் ஏறத்தாழ 609 சதுர கிலோமீட்டர் காட்டுப்பகுதி கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதால், சரிவின் ஊர்கள் பல அதன் விளிம்பில் நிற்கின்றன. தங்கும் விடுதிகளும் கூடார முகாம்களும் தோட்டங்களுக்குள் முளைத்துவருவது யானைவழியை மேலும் நெருக்குகிறது.

காட்டின் மீதான பளியரின் உரிமை 1882இல் எவ்வாறு எழுத்தால் போயிற்றோ, அவ்வாறே 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தால் எழுத்தில் மீளத் தொடங்கியது. அச்சட்டம் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து காட்டில் வாழும் பழங்குடியினருக்கு உழுநிலத்தின் மீதும், தேன், கல்பாசி முதலிய சிறு வனப்பொருள்களின் மீதும் உரிமை அளிக்கிறது. பழங்குடியல்லாத பிற காடுவாழ் மக்கள் எழுபத்தைந்து ஆண்டுக்கால வாழ்வை நிறுவ வேண்டும். தமிழகத்தில் நீதிமன்றத் தடையால் பட்டா வழங்குவது முடங்கிக் கிடந்து, 2016இல் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கிய பின்னரே பணி நகர்ந்தது. உரிமை கோருவோர் கிராமசபையின் முன் வைக்கத்தக்க சான்றுகளை அச்சட்டத்தின் விதிகள் வரிசைப்படுத்தியுள்ளன: அரசின் பழைய பதிவேடுகளும் கெசட்டியர்களும் ஒருபுறம், கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம் ஆகிய நிலத்தடயங்களும், ஊர்ப் பெரியவர்கள் வாய்மொழியாகச் சொல்லி எழுதிக்கொள்ளப்படும் கூற்றுகளும் மறுபுறம்.